வளைவில் இழந்த நேரம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழியைக் கடந்து நரிக்குடி நோக்கி நீளும் மானாவாரிப் பிரதேசத்து மக்களுக்குப் பந்தயம் என்பது புதிய விஷயமன்று. கோயில் பொங்கலை முன்னிட்டோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவை முன்னிட்டோ, பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று வகை பிரித்து, போகவர இத்தனை மைல் என்று எல்லை வகுத்து நடத்தப்படும் மாட்டுவண்டிப் பந்தயங்களுக்கு, சீமைக்கருவேல மரங்களின் சொற்ப நிழலில் விடியற்காலையிலிருந்தே காத்து நிற்கும் ஜனங்களை இன்றும் இச்சாலைகளில் காணலாம். அக்கூட்டத்தில் பல ஆண்டுகள் பந்தயம் பார்த்துப் பழகிய முதியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். இலக்கில் ஒரு வண்டி பின்தங்கி வந்து சேரும்போது இளைஞர்கள் மாட்டைக் குறைகூறுவார்கள். அவரோ, “திருப்பத்துலயே விட்டுட்டாப்ல” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். கடைசி அரை மைலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த தோல்வி, எல்லையில் வண்டியைத் திருப்பிய அந்தச் சில கணங்களில் சாரதி செய்த காரியத்தால் விளைந்தது என்பதை அவர் அறிந்திருக்கிறார். காரியம் ஓரிடத்தில் வெளிப்படுகிறது. அதன் காரணம் வேறோரிடத்தில், அதற்கு வெகு முன்னதாகவே, நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

இந்தக் காரிய காரண சம்பந்தத்தைக் கோடுகளாகவும் எண்களாகவும் வரைந்து காட்டி, வினாடியில் நூற்றில் ஒரு பங்கு வரையில் கணக்குப் பார்க்கும் ஒரு வித்தை இன்று பந்தயக் கார் உலகத்தில் பெருவளர்ச்சி பெற்றிருக்கிறது. டெலிமெட்ரி என்று அதற்குப் பெயர். செல்வந்தர்களின் பந்தயக் குழுக்களுக்கு மட்டுமே வாய்த்திருந்த அந்த வித்தை, சிம் ரேசிங் எனப்படும் கணினிப் பந்தயத்தின் வாயிலாக, இந்தக் கரிசல் சீமையில் ஒரு சிற்றூர் வீட்டின் முன்னறையிலேயே கற்றுக்கொள்ளக்கூடியதாக ஆகியிருக்கிறது என்பது, நம் இளைஞர்களிடத்தும் அவர்களைப் பெற்றவர்களிடத்தும் விரிவாக எடுத்துச் சொல்லத்தக்கது என்று நான் கருதுகிறேன்.

கார்ப் பந்தயத்தின் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான ஸ்தானம் உண்டு. 1953-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தி, பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே ஓடுதளம் அமைத்துக்கொண்டது. மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, பந்தயம் என்பது சற்றே எளியவர்களுக்கும் எட்டும்படி செய்த கோயம்புத்தூர் கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்து ஓடுதளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே கோயம்புத்தூரில் பிறந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010-இல் இரண்டாமவரானார். ஆயினும் அருப்புக்கோட்டையிலிருந்து செட்டிபாளையத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். இருங்காட்டுக்கோட்டைக்கோ ஏறக்குறைய 500 கிலோமீட்டர். தூரத்தை எப்படியாவது கடந்துவிடலாம். டயர், எரிபொருள், பழுது, பயிற்சிக் கட்டணம் என்று அடுக்கடுக்காக வரும் செலவைக் கடப்பதுதான், பருத்தியையும் மிளகாயையும் மழையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு இயலாத காரியம்.

கணினிப் பந்தயம் அந்தத் தடையை முழுவதும் அகற்றிவிடவில்லை. ஆனால் வெகுவாகத் தாழ்த்தியிருக்கிறது. இதைச் சாதாரண வீடியோ விளையாட்டு என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2008-இல் தொடங்கிய ஐரேசிங், இத்தாலியக் குழுவொன்று 2014-இல் வெளியிட்ட அசெட்டோ கோர்சா, அதன் வழிவந்த அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே ஆகியவற்றில், டயர் தரையைப் பற்றும் விதம், காற்று காரை அழுத்தும் விதம், பிரேக் பிடிக்கையில் காரின் பாரம் முன்சக்கரங்களுக்கு மாறும் விதம் ஆகிய பௌதிக நிகழ்ச்சிகள் ஒவ்வொரு கணமும் கணக்கிடப்படுகின்றன. லேசர் கருவி கொண்டு அளந்த ஓடுதளங்களில் மேடு பள்ளங்கள்கூட உள்ளபடியே அமைகின்றன. 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றால் உலகம் முழுவதும் ஓடுதளங்கள் மூடிக் கிடந்த மாதங்களில், ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் சிலர் தத்தம் வீடுகளில் கணினித் திரைக்கு முன் அமர்ந்தே ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள்.

டெலிமெட்ரி என்பது முதலில் பந்தயத்துக்காகப் பிறந்ததன்று. ஆகாயத்தில் செல்லும் ராக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தரையில் இருப்பவர் அறிய வேண்டுமானால், உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் வேகத்தையும் அளக்கும் உணரிகளை அதனுள் பொருத்தி, அவை தரும் எண்களை வானொலி அலைகள் மூலம் கீழே அனுப்பச் செய்ய வேண்டும். அந்த முறையையே பந்தயக் கார்களும் கைக்கொண்டன. இன்றைய ஃபார்முலா ஒன் காரில் சுமார் 300 உணரிகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில், காரிலிருந்து தகவலைப் பெறுவதோடு நில்லாமல், குழுவினர் தம் இடத்திலிருந்தபடியே ஓடும் காரின் எஞ்சின் அமைப்பை மாற்றவும் கூடியதாயிருந்தது. ஓட்டுநரின் திறமைக்கு மதிப்புக் குறைகிறது என்று உணர்ந்து, 2003 முதல் அந்த இருவழித் தொடர்பைத் தடைசெய்துவிட்டார்கள். காரிலிருந்து தகவல் வருவது மட்டும் நிலைத்திருக்கிறது.

உண்மையான காரில் இத்தகைய உணரிகளைப் பொருத்துவதும், அவற்றைப் பழுதின்றிப் பேணுவதும், அவை தரும் எண்களின் பிழையைத் திருத்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள். கணினிப் பந்தயத்திலோ காரே எண்களால் ஆனது. சக்கரம் எவ்வளவு சுழன்றது, பிரேக் எவ்வளவு அழுந்தியது, ஒவ்வொரு டயரின் உஷ்ணம் எவ்வளவு என்பதெல்லாம் நிரலுக்கு முன்பே தெரியும். அவற்றைக் கோப்பாக எழுதிக் கொடுப்பதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. ஐரேசிங் வினாடிக்கு 60 முறை இந்த எண்களைப் பதிவுசெய்கிறது. காம்பெடிசியோனேயில், எத்தனை சுற்றுகளைப் பதிய வேண்டும் என்று, காரின் அமைப்பைத் திருத்தும் செட்டப் பக்கத்தில் குறித்துவிட்டால், மோடெக் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் வடிவத்திலேயே கோப்பு தயாராகிவிடுகிறது. உலகப் பந்தயக் குழுக்கள் பல பயன்படுத்தும் அந்நிறுவனத்தின் ஐ2 என்ற ஆய்வு மென்பொருளை எவரும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பட்டம் பெற்ற பொறியாளர் தொழிற்சாலையில் எந்தக் கருவியைக் கையாள்கிறாரோ அதே கருவி, ஒரு பாலிடெக்னிக் மாணவனின் மேஜைமீதும் இருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி உண்டு. கோப்பு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் அதைப் படிப்பதற்கு இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. மின்சாரம் நின்றுபோன பிற்பகலிலும் மடிக்கணினியின் மின்கலம் தீரும்வரை படித்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் கோப்பை முதன்முதலாகத் திறப்பவனுக்கு மலைப்பே மிஞ்சும். திரையின் குறுக்கே பல வர்ணக் கோடுகள் ஏறியும் இறங்கியும் ஓடும். அவற்றுள் பெரும்பாலானவற்றை மறைத்துவிட்டு, வேகம், ஆக்ஸிலேட்டர், பிரேக், ஸ்டியரிங் ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குவதே விவேகம். டயரின் உஷ்ணமும் ஸ்பிரிங்கின் அசைவும் காரின் அமைப்பைத் திருத்துவதற்கு உதவுபவை. கற்கத் தொடங்குபவனுடைய குறை காரின் அமைப்பில் அல்ல, பெரும்பாலும் அவன் கைகால்களிலேயே இருக்கிறது.

அடுத்து அறிய வேண்டியது, இக்கோடுகள் எந்த அச்சின்மேல் வரையப்படுகின்றன என்பது. காலத்தை அச்சாகக் கொண்டால், வேகமான சுற்றும் மெதுவான சுற்றும் ஓரிடத்தில் தொடங்கிப் போகப்போக விலகிவிடும். ஒன்றில் மூன்றாம் வளைவுக்கு நேர் கீழே மற்றொன்றில் வேறு எதுவோ நின்று குழப்பும். ஆகையால் தூரத்தையே அச்சாகக் கொள்வது வழக்கம். தொடக்கக் கோட்டிலிருந்து 900-ஆவது மீட்டரில் இந்தச் சுற்றில் வேகம் என்ன, அந்தச் சுற்றில் வேகம் என்ன என்று ஒரே இடத்தை ஒரே இடத்தோடு ஒப்பிடும் வசதி அப்போதுதான் கிடைக்கிறது.

இந்த ஒப்பீட்டின் பலனை எல்லாம் திரட்டி ஒரே கோடாகக் காட்டுவது டெல்டா என்பது. ஒரு சுற்றை அளவுகோலாக வைத்து, மற்றொரு சுற்று அந்தந்த மீட்டரில் எவ்வளவு முந்தியிருக்கிறது அல்லது பிந்தியிருக்கிறது என்பதை அது வினாடிக் கணக்கில் வரைந்துகாட்டும். புதியவர்கள் இக்கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அது பயன் தராது. கோடு எங்கே சரியத் தொடங்குகிறது, எங்கே ஏறத் தொடங்குகிறது என்பதே கவனிக்கத்தக்கது. அது சமமாகச் செல்லும் இடங்களில் இரு சுற்றுகளும் ஒத்திருக்கின்றன; சாயும் இடத்தில்தான் அந்தக் கணத்தில் நேரம் கைமாறுகிறது. ஆனால் அந்தச் சாய்வும்கூட விளைவைக் காட்டுவதே அன்றிக் காரணத்தைக் காட்டுவதன்று. இதை ஓர் உதாரணத்தால் தெளிவாக்கலாம்.

தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புத்தா ஓடுதளம் 5.125 கிலோமீட்டர் சுற்றளவும் 16 வளைவுகளும் உடையது. இந்திய கிராண்ட் பிரி பந்தயம் அங்கே 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் நடந்தது. மூன்றிலும் ஜெர்மானியரான செபாஸ்டியன் வெட்டலே வென்றார். முதற்பந்தயத்தில் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார். அக்காலத்து அதிகாரபூர்வ ஃபார்முலா ஒன் விளையாட்டுகளில் இடம்பெற்றதோடு, ஆர்வலர்கள் தாமே வடிவமைத்த பிரதிகளாகவும் இது கணினிப் பந்தயத்தில் புழங்குகிறது. இதன் மூன்றாம் வளைவு மேட்டின்மேல் ஏறித் திரும்பும் குறுகலான வளைவு. அதைக் கடந்ததும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நேர்ப்பாதை நான்காம் வளைவு வரை நீண்டு கிடக்கிறது.

ஒரு மாணவன் இங்கே இரண்டு சுற்றுகள் ஓட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில், மூன்றாம் வளைவுக்கு முன் 5 மீட்டர் தாமதித்துப் பிரேக் பிடிக்கிறான். மணிக்கு 180 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 50 மீட்டர்; அந்த வேகத்தைச் சிறிது கூடுதலாகத் தக்கவைத்துக்கொண்டதால், வளைவின் நுழைவில் அவனுக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு லாபம். டெல்டா கோடு அதை உடனே காட்டுகிறது. காரை ஓட்டும்போதும் அவனுக்கு அவ்விடத்தில் வீரம் செய்த உணர்ச்சி உண்டாகிறது. ஆனால் மிகுதியான அந்த வேகம் காரை வளைவின் வெளிப்புறத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஸ்டியரிங்கை மேலும் திருப்பியபடி, கார் தன் வழிக்கு வரும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் காத்திருக்க நேர்கிறது. நேர்ப்பாதையில் நுழையும்போது முதற்சுற்றைவிட மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் குறைவு. அற்பமான வித்தியாசந்தான். ஆனால் அந்தக் குறைவோடுதான் அவன் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். காற்றின் தடை மிகுந்து இரு சுற்றுகளின் வேகமும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தபோதிலும், நான்காம் வளைவை எட்டும்போது ஏறக்குறைய 0.2 வினாடி நஷ்டமாகிவிட்டிருக்கும். வளைவில் வந்த லாபத்தைக் கழித்தால் 0.1 வினாடி நிகர நஷ்டம்.

டெல்டா கோட்டை மட்டும் மேலோட்டமாகப் பார்ப்பவன் என்ன முடிவுக்கு வருவான்? மூன்றாம் வளைவில் தான் சிறப்பாகச் செய்ததாகவும், நேர்ப்பாதையில் எப்படியோ பின்தங்கியதாகவும் எண்ணுவான். நேர்ப்பாதையிலோ இரு சுற்றுகளிலும் ஆக்ஸிலேட்டர் முழுவதும் அழுத்தப்பட்டே இருக்கிறது. அங்கே அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே எஞ்சினைக் குறைகூறுவான். இறக்கையின் கோணத்தை மாற்றுவான். இல்லாத நோய்க்கு மருந்து தேடி இரவெல்லாம் செட்டப்பைப் புரட்டுவான். கோட்டைப் படிக்கக் கற்றவனோ, சரிவு தொடங்கும் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு பின்னோக்கி நகர்வான். வேகக் கோட்டில் வித்தியாசம் எங்கே தொடங்கிற்று? அதற்கு முன் ஆக்ஸிலேட்டர் எந்த மீட்டரில் தொடப்பட்டது? அதற்கு முன் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருந்தது? அதற்கும் முன் பிரேக் எங்கே பிடிக்கப்பட்டது? இவ்வாறு விளைவிலிருந்து காரணத்துக்கும், அக்காரணத்திலிருந்து அதன் காரணத்துக்கும் படிப்படியாகப் பின்சென்றால், நேர்ப்பாதையில் தெரிந்த நஷ்டம் 5 மீட்டர் தாமதித்த ஒரு பிரேக்கில் போய் முடிகிறது. டெலிமெட்ரி ஆய்வு என்று பெரிய பெயரிட்டு வழங்கும் வித்தையின் உயிர்நிலை இந்தப் பின்னோக்கிய நடைதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மற்றவை எல்லாம் மென்பொருளின் பொத்தான்களைப் பழகுவதே.

இதிலிருந்து தாமதித்துப் பிரேக் பிடிப்பது எப்போதும் தவறு என்று கொள்ளலாகாது. வளைவுக்குப் பின் நேர்ப்பாதை இல்லாமல் உடனே மற்றொரு வளைவு வருமாயின், வெளியேறும் வேகத்தை அனுபவிப்பதற்கு இடமே இராது. அங்கே நுழைவில் கிடைத்த லாபம் நிலைத்துவிடும். அஞ்சி முன்னதாகவே பிரேக் பிடிப்பதும் பெருநஷ்டமே. 250 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டிய ஒரு வளைவில் 10 மீட்டர் முன்னதாகப் பிடித்துவிட்டால், அந்தப் பத்து மீட்டரை அதிவேகத்தில் கடப்பதற்குப் பதிலாகக் குறைந்த வேகத்தில் ஊர்ந்து கடக்க நேர்ந்து, வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எந்த வளைவுக்கு எது தகும் என்பதை அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே நிர்ணயிக்கிறது.

கோடுகளின் உருவத்துக்கும் பொருள் உண்டு. தேர்ந்த ஓட்டுநரின் பிரேக் கோடு செங்குத்தாக உயர்ந்து, உச்சியில் சிறிது நின்று, பின் வளைவின் உட்புறத்தை நோக்கிக் கார் திரும்பத் திரும்ப மெல்லச் சரிந்து முடியும். பாரம் முன்சக்கரங்களின்மேல் இருக்கும்போதே காரைத் திருப்புவதற்காக அவர் பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுகிறார். டிரெயில் பிரேக்கிங் என்று இதைச் சொல்வார்கள். புதியவரின் கோடோ தயங்கித் தயங்கி ஏறி, சட்டென்று அறுந்து விழும். அது அறுந்த இடத்துக்கும் ஆக்ஸிலேட்டர் கோடு எழும்பும் இடத்துக்கும் நடுவே, எந்தக் காலும் எந்த வேலையும் செய்யாத ஒரு வெற்றிடம் கிடக்கும். கார் வெறுமனே உருண்டுகொண்டிருக்கும் அந்த வெற்றிடங்களை ஒரு சுற்று முழுவதிலும் கூட்டிப் பார்த்தால் நேரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஆக்ஸிலேட்டர் கோடு ஒருமுறை எழும்பி, பயந்து தணிந்து, மீண்டும் எழும்புமானால், முதல்முறை அதைத் தொட்டது அவசரம் என்று அறியலாம். ஸ்டியரிங் கோடு மேலும் மேலும் உயர்ந்துகொண்டிருக்க, பக்கவாட்டு விசையைக் காட்டும் கோடு உயராமல் நின்றுவிட்டால், முன்டயர்களின் பிடி தீர்ந்துபோயிற்று. இனி எவ்வளவு திருப்பினாலும் டயர் தேய்வதைத் தவிர வேறு பலன் இல்லை.

இந்த இடத்தில் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மலிவான பிரேக் பெடல்கள், கால் எவ்வளவு தூரம் அழுத்திற்று என்பதை அளக்கின்றன. லோட் செல் பொருத்தியவை எவ்வளவு பலத்தோடு அழுத்திற்று என்பதை அளக்கின்றன. மனிதனுடைய கால் தூரத்தைவிடப் பலத்தையே நன்றாக நினைவில் வைக்கிறது. ஆதலால் பணம் சேர்த்து ஒன்றை உயர்த்திக்கொள்ள விரும்புகிறவன், ஸ்டியரிங்குக்கு முன் பிரேக்கை உயர்த்திக்கொள்வது உசிதம்.

கற்கும் முறையைப் பற்றிப் பலரும் பலவாறு சொல்லுகிறார்கள். உலகப் புகழ்பெற்ற ஓட்டுநரின் சுற்றுக் கோப்பு ஒன்றை இறக்கி, அதன்மேல் தன் கோட்டை வைத்துப் பார்ப்பதே பலரும் முதலில் செய்வது. இந்த வசதியை அளிக்கும் இணையச் சேவைகளும் பல. என் எண்ணத்தில் இது இரண்டாம் படியில் செய்ய வேண்டியது. நான்கு வினாடி முந்திச் செல்பவருடைய கோட்டில் எல்லா இடங்களும் வேறுபட்டே இருக்கும். எல்லாம் வேறுபடும்போது எதிலிருந்தும் பாடம் கற்க இயலாது. முதலில் தன் சுற்றுகளையே, ஒரே காரில், ஒரே எரிபொருள் அளவில், ஒரே தட்பவெப்ப நிலையில் அடுத்தடுத்து ஓட்டியவற்றை, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று படிந்து ஒரே கோடுபோல் தோன்றும் வளைவுகளில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. அவை பிரிந்து சிதறிக் கிடக்கும் வளைவுகளில், தான் என்ன செய்கிறோம் என்பதே அவனுக்கு இன்னும் தெரியவில்லை. அத்தகைய வளைவு ஒன்றைத் தெரிந்தெடுத்து, அந்த ஒன்றைப் பற்றிய ஒரே கேள்வியோடு மறுபடியும் காரில் ஏற வேண்டும். சிதறல் அடங்கிய பின்னரே பிறருடைய கோடு உதவும். அப்போதும், தன்னைவிட அரை வினாடி முந்துபவனே உலக சாம்பியனைவிட நல்ல ஆசிரியன்.

தன் பல சுற்றுகளிலிருந்து ஒவ்வொரு பகுதியிலும் எட்டிய சிறந்த நேரங்களை எல்லாம் பொறுக்கியெடுத்துக் கூட்டி, இதுவே உன்னால் இயலக்கூடிய சுற்று என்று மென்பொருள் ஒரு தொகையைக் காட்டும். அதை முழுவதும் நம்பலாகாது. நுழைவில் லாபம் தேடிய சுற்றின் முதற்பாதியையும், வெளியேற்றத்தில் லாபம் தேடிய சுற்றின் பிற்பாதியையும் ஒட்டவைத்தால் வரும் நேரம், எந்த மனிதனாலும் எந்தக் காரிலும் ஓட்ட இயலாத நேரமாகவும் இருக்கலாம். மேலே சொன்ன மூன்றாம் வளைவே அதற்குச் சாட்சி.

இந்த வித்தையைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள் கருண் சந்தோக்கைக் கவனிக்கலாம். ஓட்டுவதை விட்டபின் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் வர்ணனையாளராக விளங்கும் அவர், இரண்டு ஓட்டுநர்களின் சுற்றுகளை ஒரே திரையில் இணைத்து ஓடவிட்டு, இவர் இங்கே பிரேக்கை விட்டார், அவர் இன்னும் விடவில்லை, அதன் பலன் அதோ அங்கே தெரிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டி விளக்குவார். நம்மவர் ஒருவர் உலகத்துக்கு இதைக் கற்பிக்கிறார் என்பது பெருமைக்குரியது. இதே விளக்கத்தைத் தமிழில் சொல்பவர்களும் பெருக வேண்டும் என்பது என் ஆசை. ஆக்ஸிலேட்டர், பிரேக் என்ற சொற்களை நம் மெக்கானிக்குகள் வெகுகாலமாகத் தமிழாகவே பேசி வருகிறார்கள், ஆகவே மொழி இதற்குத் தடையாகாது.

கணினிப் பந்தயத்தால் கற்பிக்க இயலாதவையும் உண்டு. வீட்டில் அமர்ந்திருப்பவனுடைய கழுத்தை எந்த விசையும் இழுப்பதில்லை. பின்சக்கரம் நழுவத் தொடங்குவதை முதுகெலும்பு முதலில் அறியும் அந்த உணர்ச்சி அவனுக்குக் கிடைப்பதில்லை. தவறினால் உயிருக்கு அபாயம் என்ற பயமும் இல்லை. இதனாலேயே இவன் கண்ணையும் கணக்கையும் அதிகமாக நம்பப் பழகுகிறான். அந்தப் பழக்கம் மெய்யான காரிலும் வீண்போவதில்லை என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சி இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ என்ற விளையாட்டில் வல்லவர்களைத் தேர்ந்து மெய்யான பந்தய ஓட்டுநர்களாக்க நிஸான் நிறுவனமும் சோனி நிறுவனமும் 2008-இல் தொடங்கிய ஜிடி அகாடமியில், 2011-இல் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற பிரிட்டிஷ் இளைஞர், 2013-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாவதாக வந்த குழுவில் ஒருவராக ஓட்டினார்.

எல்லோரும் மார்டன்பரோ ஆக வேண்டியதில்லை, ஆகவும் முடியாது. ஆனால் பந்தயம் என்பது ஓட்டுகிறவர் ஒருவரால் மட்டும் நடப்பதன்று. பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களைக் கொண்டு போட்டியிடும் ஃபார்முலா பாரத், கோயம்புத்தூர் கரி ஓடுதளத்தில் நடைபெறுகிறது. விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் அருப்புக்கோட்டை நெசவாளரின் மகனோ, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயியின் மகளோ அத்தகைய குழுவொன்றில் சேரும்போது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளோடு, கோட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்களும் அங்கே தேவைப்படும். கணினிப் பந்தயத்தில் பழகிய அதே மோடெக் திரை, அதே டெல்டா, அதே பிரேக் கோடு அங்கே காத்திருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு: இதுவரை தன் காலின் தவறுகளைத் தானே தேடியவர், இனி மற்றொருவரின் தவறை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். தேர்ந்த பொறியாளர்கள் அதற்குக் கையாளும் வழி எளியது. ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அமர்ந்ததும், திரையை அவர் பக்கம் திருப்பிவிடாமல், கார் எந்த வளைவில் எப்படி நடந்துகொண்டது என்று முதலில் அவரையே சொல்லவிட்டு, அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் கோட்டைக் காட்டுகிறார்கள்.